கணவருக்கு ஸ்டுட்கார்ட்டில் வேலை: திட்டத்தை உங்களிடமிருந்து தொடங்குங்கள்

கோவையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தனியார் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கணக்கு ஆசிரியை. கணவருக்கு ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் நகரில் வாகன மென்பொருள் வேலை கிடைத்திருக்கிறது, ஜூன் முதல் தேதி சேர வேண்டும். மகள் நான்காம் வகுப்பை முடிக்கப் போகிறாள், மகனுக்கு மூன்றரை வயது, மாமியார் இவர்களோடுதான் இருக்கிறார். எல்லாரும் ஒன்றாகக் கிளம்புவதா, அவர் முன்னால் போவதா? நான் வேலையை விட்டுவிடலாமா? பெரியவள் படிப்பு கெட்டுப் போகுமா? அத்தையிடம் எப்படிச் சொல்வது? இவைதான் அவருடைய கேள்விகள்.

நான் 2013 நவம்பரில் இதே ஸ்டுட்கார்ட்டுக்கு, இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு, கணவரின் வேலைக்காக வந்தவள். அதற்குப் பிறகு இங்கே வந்து இறங்கிய பல தமிழ்க் குடும்பங்களோடு வீடு பார்க்கவும் பள்ளியில் பேசவும் படிவம் நிரப்பவும் கூடப் போயிருக்கிறேன். அதில் கண்டதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். உங்கள் கணவர் ஜூனில் தனியாகப் போகட்டும். நீங்களும் பிள்ளைகளும் ஆகஸ்டு தொடக்கத்தில் போய்ச் சேருங்கள். விசாவுக்கு மட்டும் நால்வரும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். விசா கையில் வந்து, அங்கே வீட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு ராஜினாமாவைப் பற்றி யோசியுங்கள். பள்ளியில் சம்பளமில்லா விடுப்பு தருவார்கள் என்றால் அதைத்தான் கேட்க வேண்டும். அவருக்கு முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலமாக இருக்கும், அதற்குள் இரண்டு வார முன்னறிவிப்பில் யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ள முடியும். அந்த ஆறு மாதம் தாண்டும் வரை கோவை வீட்டை விற்கவோ, உங்கள் வேலையை முழுதாக அறுத்துக்கொள்ளவோ வேண்டாம்.

ஆனால் இதையெல்லாம் விட முக்கியமான ஒன்று இருக்கிறது. உங்கள் கேள்வியில் கணவரின் சம்பளம், மகளின் படிப்பு, அத்தையின் உடம்பு எல்லாம் இருந்தது. அங்கே போய் நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. வேலைக்குப் போகிறவருக்கு அங்கே முதல் நாளே ஒரு மேசை இருக்கும், ஆங்கிலம் பேசும் சக ஊழியர்கள் இருப்பார்கள், மதியம் கூடச் சாப்பிட நாலு பேர் இருப்பார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கும். கூடப் போகிறவருக்கு மட்டும் எதுவும் தயாராக இருக்காது. அவர் காலை ஏழரைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போன பிறகு அந்த வீட்டில் இருக்கப் போவது நீங்கள். நான் பார்த்த வரையில், இரண்டாவது குளிர்காலத்திலேயே மூட்டை கட்டித் திரும்பிய குடும்பங்களில் பெரும்பாலும் கணவரின் வேலை நன்றாகவே போய்க்கொண்டிருந்தது. மனைவிக்குத்தான் அந்த ஊரில் ஒரு பிடிப்பும் ஏற்படவில்லை. அதனால் திட்டத்தை உங்களிடமிருந்து தொடங்குங்கள், மற்றதை அதைச் சுற்றி வையுங்கள்.

அதற்கு முதல் படி மொழி. உங்கள் கணவர் நீல அட்டையில், அதாவது உயர்திறன் பணியாளர்களுக்கு ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தரும் வேலை அனுமதியில், போவதால் மனைவிக்கு ஜெர்மன் தேர்வு கட்டாயமில்லை. மற்ற பலரும் ஏ1, அதாவது ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஏறும் மொழித் தேர்வின் முதல் நிலை, தேறினால்தான் குடும்ப விசா கிடைக்கும், உங்களுக்கு அந்த விதிவிலக்கு உண்டு. இந்தச் சலுகையைப் பலர் "அப்போ போய்ப் படித்துக்கலாம்" என்று எடுத்துக்கொள்கிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். கோவையிலேயே ஜெர்மன் கற்பிக்கும் கெத்தே மையம் இருக்கிறது. இப்போது சேர்ந்தால் கிளம்புவதற்குள் ஏ1 முடித்து ஏ2-வைத் தொட்டுவிடலாம். ஏ1 என்பது பெரிய மொழியறிவு கிடையாது. ஆனால் குழந்தைக்குக் காய்ச்சல், எத்தனை நாளாக, எத்தனை டிகிரி என்று மருத்துவமனையில் நீங்களே சொல்ல முடியும். அந்த ஒரு வாக்கியத்துக்காகக் கணவர் அலுவலகத்தில் அனுமதி கேட்டு ஓடி வர வேண்டியதில்லை.

வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. விமான டிக்கெட்டும் சாமான் செலவும் எல்லாரும் கேட்பார்கள். உங்களுக்கான ஜெர்மன் வகுப்புக் கட்டணத்தைக் கேளுங்கள். வேலைக்குச் சேர்கிறவருக்கு மட்டும் வகுப்பு தருவது வழக்கம், மனைவிக்கும் வேண்டும் என்று எழுத்தில் கேட்டால் பல இடங்களில் தருகிறார்கள். அப்புறம், முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குச் சாமான்களோடு ஒரு தற்காலிக வீடு, அதில் முகவரிப் பதிவு செய்ய அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஜெர்மனியில் குடி புகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும், இங்கே அதற்கு ஆன்மெல்டுங் என்று பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாள் இல்லாமல் அது நடக்காது. அது நடக்காமல் வரி எண் வராது, வரி எண் இல்லாமல் பிள்ளைகளுக்கு அரசு மாதாமாதம் தரும் குழந்தைப் பணம் வராது, பள்ளியில் சேர்ப்பதும் இழுக்கும். எங்களுக்கு "எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்ன இடமாற்ற ஏஜென்சி, பதிவு செய்ய முடியாத ஓர் அறையில்தான் எங்களை இறக்கிவிட்டது. ஐந்து வாரம் போயிற்று.

காகிதங்களில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு, அது பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அந்த இடத்தை நிரப்பும்போது ஆளுக்கொரு பெயர் ஆகிவிடுகிறது. ஓர் உதாரணம்: கணவர் பெயர் செந்தில், அவருடைய அப்பா பழனிசாமி. கணவரின் குடும்பப் பெயர் பழனிசாமி என்றும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் செந்தில் என்றும் அச்சாகியிருக்கும். ஜெர்மன் அதிகாரிக்கு அது இரண்டு குடும்பம். மழலையர் பள்ளி வாசலில் பிள்ளையை அழைத்துப் போக வந்த அப்பாவிடம், நீங்கள் இந்தப் பிள்ளைக்கு யார் என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சிலருக்கு அந்தக் கட்டமே காலியாக இருக்கும், அது இன்னும் சிரமம். இப்போதே நான்கு பாஸ்போர்ட், திருமணப் பதிவுச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் இடம் வெறுமையாகவே விட்டிருப்பார்கள், அதைப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஆள் குடும்பப் பெயர் வேறாக இருந்தாலும் பரவாயில்லை, ஒருவருடைய பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி இருந்தால் போதும். கையில் எப்போதும் பிறப்புச் சான்றிதழின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கட்டும்.

இன்னொன்று. வெளிநாடு என்றாலே சான்றிதழ் உண்மையானது என்று காட்டும் அப்போஸ்டில் முத்திரை வாங்கச் சொல்லிப் பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இந்தியா 2005-ல் அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது, அதனால் நம் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. சென்னையில் உள்ள துணைத் தூதரகம் கேட்கும் பட்டியலை மட்டும் பின்பற்றுங்கள். பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள். 2020 மார்ச் முதல் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று இல்லாமல் மழலையர் பள்ளியில் சேர்க்க மாட்டார்கள், பள்ளியிலும் அதைக் கேட்பார்கள்.

வீடு. ஸ்டுட்கார்ட்டில் இதுதான் கடினமான கட்டம். போஷ், மெர்சிடிஸ், போர்ஷே எல்லாம் இருக்கும் ஊர், கிண்ணம் மாதிரி மலைகளுக்கு நடுவே இருப்பதால் கட்டுவதற்கு இடமும் குறைவு. ஊருக்குள்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். எஸ்பான் என்ற புறநகர் ரயில் போகும் சிற்றூர்களில் வீடும் கிடைக்கும், மழலையர் பள்ளியில் இடமும் கிடைக்கும். விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் "குளிர் வாடகை", சூடேற்றும் செலவும் தண்ணீரும் சேர்ந்தால்தான் "சூடு வாடகை". மூன்று மாதக் குளிர் வாடகை வரை முன்பணமாகக் கேட்கலாம் என்பது சட்டம்.

எங்கள் முதல் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே போய் அடுப்படிக் கதவைத் திறந்தேன். நான்கு வெள்ளைச் சுவர், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு தண்ணீர்க் குழாய், மூடி போட்ட ஒரு மின்கம்பி. அவ்வளவுதான். மேடை, தொட்டி, அடுப்பு, அலமாரி ஒன்றும் கிடையாது. முன்பு குடியிருந்தவர் சமையலறையையே கழற்றி எடுத்துக்கொண்டு போயிருந்தார். இங்கே அது இயல்பான காரியம். புதிதாக வாங்கிப் பொருத்த ஏழு வாரமாயிற்று. அதுவரை ஒற்றை மின்னடுப்பைத் தரையில் வைத்து, குளியலறைத் தொட்டியில் பாத்திரம் கழுவினேன். நீங்கள் வீடு தேடும்போது "பொருத்திய சமையலறை உண்டு" என்ற வரியைப் பாருங்கள். இல்லையென்றால் சில ஆயிரம் யூரோவை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

அந்த வீட்டுக்குப் போன மூன்றாவது வாரம் எங்கள் கதவுக் கைப்பிடியில் ஒரு சிறு மரப்பலகை தொங்கியது. "கேர்வோக்கே" என்று எழுதியிருந்தது. யாரோ இடம் தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று எடுத்துப் படிக்கட்டில் வைத்துவிட்டேன். மறுநாள் கீழ்வீட்டுப் பாட்டி கையில் துடைப்பத்தோடு வந்து மணியடித்தார். இந்தப் பகுதி மக்களான ஸ்வேபியரின் வழக்கம் அது. அந்த வாரம் பலகை யார் வாசலில் தொங்குகிறதோ அவர்கள் படிக்கட்டைப் பெருக்கித் துடைக்க வேண்டும், வாசல் நடைபாதையையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வார முடிவில் அடுத்த வீட்டுக் கதவில் மாட்ட வேண்டும். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை என்பது தெரிந்ததும் அவர் தாமே குனிந்து முதல் நான்கு படிகளைப் பெருக்கிக் காட்டிவிட்டு, துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். நான் மீதியைப் பெருக்கினேன். வாசல் தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்த கைக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை. அந்தப் பாட்டியோடுதான் நான் ஜெர்மன் பேசக் கற்றேன். வகுப்பில் படித்தது இலக்கணம், பேச்சு அவரிடமிருந்து வந்தது. எனவே கட்டடத்தில் உள்ள எல்லா வீட்டு மணியையும் முதல் வாரத்திலேயே அடித்து, பிள்ளைகளோடு நின்று, பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். புதிதாக வருகிறவர்தான் முதலில் போய்ச் சொல்ல வேண்டும் என்பது இங்கத்திய முறை. நீங்கள் போகாவிட்டால் அவர்களும் வரமாட்டார்கள்.

இப்போது மகள். உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராதது இவளை நினைத்துத்தான் என்று தெரிகிறது, ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்டுட்கார்ட் இருக்கும் பாடன்–வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் தொடக்கப் பள்ளி நான்காம் வகுப்போடு முடிகிறது. ஐந்தாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் பிரிந்து போவார்கள்: பல்கலைக்கழகப் படிப்பை நோக்கிய கிம்னாசியும், நடுவில் ரெயால்ஷூலே, தொழிற்கல்வியை நோக்கிய பள்ளி, எல்லாரும் சேர்ந்து படிக்கும் பொதுப்பள்ளி என்று. எந்தப் பக்கம் என்பது நான்காம் வகுப்பில் முடிவாகும். ஆசிரியரின் பரிந்துரையைப் பெற்றோர் மீறலாம் என்று 2012 முதல் பல ஆண்டுகள் விட்டிருந்தார்கள். இப்போது மறுபடி இறுக்கிவிட்டார்கள். கிம்னாசியும் போக வேண்டுமென்றால் ஆசிரியரின் மதிப்பீடு, மாநிலத் தேர்வு, பெற்றோரின் விருப்பம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் இன்னொரு தேர்வு உண்டு.

உங்கள் மகள் நம்மூரில் நான்காம் வகுப்பை முடித்துவிட்டாள் என்பதற்காக இங்கே நேராக ஐந்தில் சேர்த்தால், மொழியே தெரியாத பிள்ளையை எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கேள்வி முதல் நாளே வந்து நிற்கும். அதனால் நான் பிடிவாதமாகச் சொல்வது இதுதான்: நான்காம் வகுப்பிலேயே மறுபடி சேர்க்கக் கேளுங்கள், வயது இடம் கொடுத்தால் ஒரு வகுப்பு இறக்கிக் கேட்டாலும் தப்பில்லை. நம் ஊரில் ஒரு வருடம் "வீணாகிறது" என்றால் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிப்பார்கள். இங்கே அப்படி யாரும் பார்ப்பதில்லை, வயது கொஞ்சம் முன்பின்னாக இருப்பது எல்லா வகுப்பிலும் உண்டு. தொடக்கப் பள்ளியில் நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே ஆசிரியர் இருப்பார், அவருக்குப் பிள்ளையைத் தெரிந்திருக்கும். ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கென்று தயாரிப்பு வகுப்பு பல பள்ளிகளில் இருக்கிறது. முதலில் பெரும்பாலான நேரம் அதில் இருந்து, விளையாட்டு, ஓவியம், கணக்குக்கு மட்டும் சாதாரண வகுப்புக்குப் போய், மெல்ல மெல்ல முழுதாக அங்கே மாறுவார்கள். கணக்கு ஆசிரியை மகள், அந்த ஒரு பாடத்தில் அவள் தலை நிமிர்ந்து உட்காருவாள். மற்றதற்கு அதுவே தைரியம் கொடுக்கும்.

ஆறு மாதம் அவள் வகுப்பில் வாயே திறக்காமல் இருக்கலாம். அது நோய் கிடையாது, காது நிரம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு உடைந்த ஜெர்மனில் பேசுங்கள் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அவளுக்கு முழுசாகப் பேச முடிகிற ஒரே இடம் வீடுதான், அதையும் எடுத்துவிடக் கூடாது.

கிம்னாசியும் கிடைக்காவிட்டால் கதவு மூடிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். இந்த மாநிலத்தில் ரெயால்ஷூலே முடித்தவர்கள் மூன்று ஆண்டுத் தொழில்சார் கிம்னாசியத்தில் சேர்ந்து அதே பல்கலைக்கழக நுழைவுச் சான்றிதழை வாங்கலாம். எனக்குத் தெரிந்து ஒன்பது வயதில் வந்த ஒரு தமிழ்ப் பையன் இந்த வழியாகத்தான் போய் இப்போது இயந்திரவியல் படிக்கிறான். ஆனால் நீங்கள் நாலைந்து வருடத்தில் திரும்பப் போவது உறுதி என்றால் கணக்கு வேறு. எட்டாம் ஒன்பதாம் வகுப்பு வயதில் கோவைக்குத் திரும்பிப் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை எதிர்கொள்வது, இப்போது இங்கே வருவதை விடப் பல மடங்கு கடினம். ஏழாம் வகுப்பு வயதுக்குள் திரும்புவதா, அல்லது அவள் பள்ளிப் படிப்பை முடிக்கும் வரை இருப்பதா என்று கிளம்பும் முன்னே நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசி வையுங்கள்.

ஆகஸ்டில் வாருங்கள் என்றதற்குக் காரணமும் இவள்தான். இங்கே கோடை விடுமுறை ஜூலைக் கடைசியில் தொடங்கிச் செப்டம்பர் நடுவில் முடியும். அந்த ஆறு வாரத்தில் ஊர், டிராம், நீச்சல் குளம், வில்ஹெல்மா உயிரியல் பூங்கா எல்லாம் பார்த்துப் பழகிவிட்டுப் பள்ளிக்குப் போவாள். வெளிச்சம் இரவு ஒன்பது வரை இருக்கும். நான் வந்தது நவம்பரில். டிசம்பரில் இங்கே சூரியன் எட்டு மணிக்கு மேல் எழும், நாலரைக்கு மறையும். வந்த புதிதில் அதைத் தாங்குவது எளிதில்லை.

சின்னவனுக்கு மழலையர் பள்ளி. ஒரு வயதுக்கு மேற்பட்ட எல்லாக் குழந்தைக்கும் இடம் பெறும் உரிமை 2013 ஆகஸ்டு முதல் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் ஆள் பற்றாக்குறையால் காத்திருக்க வேண்டிவரும். முகவரி கிடைத்த அன்றே நகராட்சியின் இணையதளத்தில் பதிவு செய்து, பக்கத்துப் பள்ளிகளுக்கு நேரிலும் போய் நில்லுங்கள். அவன் மூன்று மாதத்தில் உங்கள் எல்லாரையும் விட நன்றாகப் பேசுவான், கவலை வேண்டாம்.

இனி உங்கள் வேலை. நீல அட்டைக்காரரின் மனைவி வந்த நாளிலிருந்து எந்த வேலைக்கும் போகலாம், தனி அனுமதி வேண்டாம். ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியையாக நேராகப் போக முடியாது. இங்கே ஓர் ஆசிரியருக்கு இரண்டு பாடங்களில் பட்டம் வேண்டும், அதற்குப் பிறகு பயிற்சிக் காலம், அரசுத் தேர்வு. மொழியும் சி1 அளவுக்காவது வேண்டும். ஒற்றைப் பாடம் படித்து பி.எட். முடித்தவருக்கு அது பல வருட வழி. இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். மூன்று வழிகள் நான் கண்ணால் பார்த்தவை.

ஒன்று, கணக்கு டியூஷன். இங்கே அதற்கு நாக்ஹில்ஃபே என்று பேர், எல்லாத் தெருவிலும் மையம் இருக்கும். பி1 அளவு ஜெர்மன் வந்ததும் எட்டாம் வகுப்பு வரையான கணக்கை நீங்கள் தாராளமாக எடுக்கலாம். கணக்குக்கு வார்த்தை குறைவாகப் போதும். இரண்டாவது, மழலையர் பள்ளி ஆசிரியை ஆவது. வேலை செய்துகொண்டே படிக்கும் மூன்றாண்டுப் பயிற்சி ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது, படிக்கும்போதே மாதச் சம்பளம் உண்டு, ஆள் தேவை மிக அதிகம். பி2 ஜெர்மன் வேண்டும். எனக்குத் தெரிந்த ஈரோட்டுப் பெண் ஒருவர் முப்பத்தெட்டு வயதில் இதில் சேர்ந்து, இப்போது ஒரு குழுவுக்குப் பொறுப்பாக இருக்கிறார். மூன்றாவது, சர்வதேசப் பள்ளிகள். ஆங்கிலத்தில் பாடம் என்பதால் உங்கள் அனுபவம் அங்கே செல்லும், ஆனால் இடம் எப்போதாவதுதான் வரும்.

எந்த வழியானாலும், கோவையை விட்டுக் கிளம்பும் முன் பல்கலைக்கழகத்திலிருந்து பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவ மதிப்பெண் பட்டியல், பள்ளியிலிருந்து என்னென்ன வகுப்பு எடுத்தீர்கள் என்று விவரமாக எழுதிய அனுபவச் சான்று எல்லாம் வாங்கிவிடுங்கள். ஜெர்மனியிலிருந்துகொண்டு பல்கலைக்கழக அலுவலகத்தில் ஒரு காகிதம் வாங்குவது என்ன பாடு என்பதை நான் பட்டிருக்கிறேன். உங்கள் பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு எந்த அளவில் இணை என்று ஓர் அரசு அலுவலகம் சான்று தரும், கட்டணம் 208 யூரோ. அதை முதல் வருடத்திலேயே வாங்கி வையுங்கள். வந்ததும் ஒருங்கிணைப்பு வகுப்பில் சேருங்கள். மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டமும் வரலாறும் 100 பாடவேளை, முடிவில் பி1 தேர்வு. காலை வகுப்பு கிடைத்தால் நல்லது. காலையில் குளித்து, உடுத்தி, பையைத் தூக்கிக்கொண்டு போக ஓர் இடம் இருப்பதே உங்களை நிறுத்தி வைக்கும்.

பணத்தில் மூன்று முடிவுகளை அவர் மட்டும் எடுக்க விடாதீர்கள். முதலாவது மருத்துவக் காப்பீடு. அவருடைய ஆண்டுச் சம்பளம் 2025 கணக்குப்படி 73,800 யூரோவைத் தாண்டினால் தனியார் காப்பீட்டுக்குப் போகலாம் என்று முகவர்கள் துரத்துவார்கள், இளைஞருக்கு மலிவாகவும் தெரியும். பொதுக் காப்பீட்டில் சம்பாதிக்காத மனைவியும் பிள்ளைகளும் கூடுதல் கட்டணமின்றிச் சேர்ந்துகொள்கிறார்கள். தனியாரில் ஒவ்வொரு தலைக்கும் தனிக் கட்டணம், திரும்பிப் பொதுவுக்கு வருவதும் கடினம். நால்வர் குடும்பத்துக்குப் பொதுக் காப்பீடுதான்.

இரண்டாவது வரி வகுப்பு, மாதச் சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிப்பது என்பதைத் தீர்மானிக்கும் எண். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும்போது அவருக்கு மூன்று, உங்களுக்கு ஐந்து என்று போட்டால் கையில் வருவது அதிகம். நீங்கள் வேலையில் சேர்ந்த மாதமே இருவருக்கும் நான்கு என்று மாற்றக் கேளுங்கள். ஆண்டு முடிவில் குடும்பம் கட்டும் மொத்த வரி ஒன்றுதான். ஆனால் ஐந்தில் இருந்தால் உங்கள் சம்பளச் சீட்டு மெலிந்து தெரியும், "இதுக்குப் போய் வேலைக்குப் போகணுமா" என்ற பேச்சு வீட்டில் எழும். வேலையிழப்புப் படி, மகப்பேற்றுக்குப் பிந்தைய படி எல்லாம் கையில் வரும் சம்பளத்தை வைத்தே கணக்கிடுகிறார்கள், அதுவும் குறைந்துவிடும்.

மூன்றாவது, உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு, வீட்டு ஒப்பந்தத்தில் உங்கள் பெயர். குழந்தைப் பணம், 2025-ல் பிள்ளைக்கு மாதம் 255 யூரோ, உங்கள் கணக்குக்கே வரும்படி விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் ஆறு மாதத்துக்கு முந்தையது கிடைக்காது.

ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. உங்கள் வீட்டில் எல்லாம் நன்றாக இருக்கலாம், இருக்கட்டும். ஆனால் மனைவியின் தங்கும் உரிமை தொடக்கத்தில் கணவரோடு பிணைந்தது. பொதுவாக மூன்று ஆண்டுகள் இங்கே சேர்ந்து வாழ்ந்த பிறகு, பிரிந்தாலும் தனித்துத் தங்கும் உரிமை கிடைக்கும். வீட்டில் வன்முறை என்றால் அதற்கு முன்பே கிடைக்க வழியுண்டு. 116 016 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி எல்லா நேரமும் பல மொழிகளில் கிடைக்கும். "திருப்பி அனுப்பிவிடுவேன்" என்ற மிரட்டலுக்கு அஞ்சி வாய்மூடி இருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்கிறேன்.

சாமான் பற்றிக் கொஞ்சம். மிக்சியும் கிரைண்டரும் அப்படியே ஓடும், இங்கேயும் 230 வோல்ட்தான், செருகி மட்டும் மாற்ற வேண்டும். குக்கர் எவர்சில்வரில் எடுத்து வாருங்கள், அலுமினியம் இண்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. நெய், பால்கோவா போன்ற பால் பொருள், கறிவேப்பிலை போன்ற பச்சை இலை எதையும் பெட்டியில் வைக்காதீர்கள், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரத் தடை, சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். பொடிகள் பரவாயில்லை. குளிரில் மாவு புளிக்க, ஓவனில் விளக்கை மட்டும் போட்டு இரவு முழுக்க உள்ளே வையுங்கள்.

தமிழுக்குப் பஞ்சமில்லை. 1980-களில் வந்த ஈழத் தமிழர்கள் ஜெர்மனி முழுக்க தமிழாலயம் என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகளை நடத்துகிறார்கள், வார இறுதியில் வகுப்பு, ஆசிரியர்கள் பெரும்பாலும் தொண்டாக வருகிறவர்கள். என் மகன் அங்கே படித்துவிட்டு வீட்டில் "அம்மா, நான் கதைச்சுப்போட்டு வாறன்" என்பான், கேட்க அவ்வளவு இனிமை. உங்களைப் போன்ற ஆசிரியையை அவர்கள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போவார்கள். கணவர் வழியாக வராமல், உங்கள் தொழில் வழியாக இந்த ஊரில் உங்களுக்கு வரும் முதல் அறிமுகம் அதுவாக இருக்கக்கூடும்.

கடைசியாக அத்தை. நீங்கள் இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே சொல்லுங்கள், பிள்ளைகள் வாயிலிருந்து அவருக்குத் தெரிய வேண்டாம். உங்கள் கணவரே உட்கார்ந்து சொல்லட்டும், மருமகள்தான் பிரித்துக் கூட்டிப் போகிறாள் என்ற பேச்சுக்கு இடம் வைக்க வேண்டாம். உங்களோடு நிரந்தரமாகக் கூட்டிவர இப்போது சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது: 2024 மார்ச்சுக்குப் பிறகு புதிதாக அனுமதி பெற்ற திறன் பணியாளர்கள் பெற்றோரை அழைக்கலாம். ஆனால் அந்த வயதில், சர்க்கரை நோயோடு, மருத்துவக் காப்பீடு கிடைப்பதுதான் அங்கே முட்டுக்கட்டை. ஆகவே இப்போதைக்கு ஆண்டுக்கு ஒரு முறை, 90 நாள் வரை வருகை விசாவில் என்று கணக்கு வையுங்கள். மே, ஜூன் மாதங்கள் நல்லவை. அந்தப் பருவத்தில் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயிலில் தேர் இழுப்பார்கள், கூட்டிப் போங்கள்.

அவர் தனியே இருக்கும் ஏற்பாட்டை நீங்கள் கோவையில் இருக்கும்போதே ஒரு மாதம் நடத்திப் பாருங்கள். சாவி யாரிடம், இரவு பதினொரு மணிக்கு மூச்சு வாங்கினால் முதலில் வருவது யார், எந்த மருத்துவமனை, மாத்திரை வாங்கிக் கொடுப்பது யார் என்று. வங்கிக்கும் வீட்டுக்கும் தேவையான அதிகாரப் பத்திரத்தை அங்கேயே பதிவு செய்துவிடுங்கள், இங்கிருந்து செய்ய மியூனிக் தூதரகம் வரை போக வேண்டும். பேசுவதற்கு ஒரு நேரம் குறித்துக்கொள்ளுங்கள். கோடையில் நமக்கும் அங்கேயும் மூன்றரை மணி வித்தியாசம், குளிரில் நாலரை. என் அம்மாவுக்கு நான் இங்கே மாலை நாலு மணிக்கு, மகனைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்த கையோடு கூப்பிடுவேன். அங்கே அவர் சாப்பிட்டு முடித்துக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு வருடமாக அதே நாற்காலிதான், போனைச் சாய்த்து வைக்க அம்மா ஒரு சொம்பைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.